நாலு தடவை நெல் தந்தீர்

சொந்தமாக மெட்டுப் போடுகிறவன் படும் அலுப்பு வேறு எவனுக்கும் வராது. நான் அப்போது நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஊர்க் கிறிஸ்தவ சபையில் பாடகர் குழுவிலும் இருந்தேன். என் பாட்டு ஒன்றாவது அந்தச் சபையில் நிலைத்துவிட வேண்டும், எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். எதைக் கொண்டுபோனாலும் ஒரே பதில்: "நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா பிளேட்டுல வாற பாட்டு மாதிரி இல்லயே." கிராமபோன் வந்த பிறகு ஊரில் எல்லாரும் வித்வான்கள். (சாவி கொடுக்கத் தெரிந்தால் போதும்.)

களைத்துப்போய் நானும் பிளேட்டிடம் சரணடைந்தேன். பிறர் மெட்டில் கீர்த்தனை கட்டுவது அன்றைக்கு வழக்கம்தான். குலசேகரத்தில் மாமனார் வீட்டில் ரப்பர் காசில் வாங்கிய கிராமபோன் இருந்தது. பெண்கள் கூடியிருக்கும் உள்ளறையில் அது பாடும். புது மாப்பிள்ளை அங்கே போய் உட்கார முடியுமா? ரப்பர் ஷீட்டு காயப்போட்ட முற்றத்தில் நின்றபடி ஒரு நாடகப் பாட்டைக் காதால் பிடித்தேன்.

நடுவில் ஒரு துண்டு திரும்பத் திரும்ப வந்தது. காலையில் மூன்று தடவை, சாயங்காலம் ஆறு தடவை. வேளைக்கு ஒரு விதமாகப் பாடுகிறாரே, என்ன மனோதர்மம் என்று புல்லரித்தது. (பிளேட்டுக்கு ஏது மனோதர்மம் என்று யோசிக்கிற மூளை இருந்தால் நான் ஏன் பாட்டுக் கட்டப் போகிறேன்?)

நடுவாக நாலு என்று வைத்து, அறுப்பின் பண்டிகைக்குப் பாட்டுக் கட்டினேன். அந்தத் துண்டில் "நெல் தந்தீர்" என்று போட்டேன்.

ஒத்திகையில் போதகர் கேட்டார்: "எதுக்கு வாத்தியாரே நாலு தடவை? இந்த வருசம் கர்த்தர் ஒரு தடவை தந்ததே பாதிதான்."

"அதுதான் ஐயா இதுல உள்ள சங்கதி" என்றேன், பெரிய ஞானி மாதிரி.

பண்டிகையன்று ஆலயம் நிறைய வாழைக்குலையும் ஆட்களும். குலசேகரத்திலிருந்து வந்த மாமியார், பெண்கள் பக்கம் முன்வரிசையில் என் மனைவியின் அருகே கண்ணயர்ந்திருந்தார். மூன்றாவது "நெல் தந்தீர்" வந்ததும், கண்ணைத் திறக்காமலே அதட்டினார்:

"ஏட்டி, ஊசி மாட்டிக்கிட்டுல்லா! தட்டி விடுட்டி!"

பழக்கதோஷம், என் மனைவியின் கையும் தானாக நீண்டது. ஆலயமே சிரித்தது. போதகர் வேதபுத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். நாலாவது "நெல் தந்தீர்" நான் மட்டும் பாடினேன். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "அந்த எடத்துல கீறலுல்லா. பக்கத்துல இருந்தா மூணாவதுலயே தட்டிருவேன். அடுக்களையில நின்னா, ஓடி வாறதுக்குள்ள ஆறு தடவை பாடிரும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்பிடாதா?"

அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது இரண்டாம் முறை சொன்னால், பிள்ளைகள்கூட என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

சபையாருக்கோ அந்தப் பாட்டு பிடித்துப்போயிற்று. வருஷாவருஷம் கேட்டு வாங்கிப் பாடினார்கள். நானாகப் போட்ட மெட்டுகளை ஒருவரும் கேட்டதில்லை.

போன அறுப்பின் பண்டிகைக்கு நானும் எழுந்து நின்றேன். வயதாகிவிட்டது, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டா ஆகிவிட்டேன்; மூச்சு முட்டியது. "நெல் தந்தீர்" ஒரு தடவையோடு நிறுத்தினேன். புதிதாக வந்திருக்கும் பாடகர் குழுத் தலைவன் அருகில் வந்து பணிவாகச் சொன்னான்:

"பாட்டா, அது நாலு தடவை. கட்டினவரு சும்மாவா போட்டிருப்பாரு?"

மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதி மூன்றையும் பாடினேன்.