சவக்காலையில் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டது

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.

அன்பின் மச்சான் சஞ்சீவன் அவர்கட்கு,

நலம். நீங்களும் தங்கச்சி சிவரூபியும் வவுனியாவில் சுகமாக இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டுகிறேன். இதைக் கதிரையில் இருந்தபடி வாசிக்கவும்.

உங்கள் மகள் கௌசிகா இங்கத்தைய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து என் வீட்டில் வந்து தங்கியபோது, ஊரின் சரித்திரத்தையும் பார்க்க வேண்டிய இடங்களையும் காட்டச் சொன்னீர்கள். காட்டினேன். அதனால்தான் சொல்கிறேன், உடனே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். படிப்பு பாழாகும், தெரியும். உயிர் பெரிது.

ஸப்வானின் ஓட்டோவில் முதலில் பழைய வெள்ளைக்காரச் சவக்காலைக்குப் போனோம். இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டு வந்து ஊர் திரும்பாத பலர் அங்கே கிடக்கிறார்கள். கல்வெட்டுகளை வாசித்துவிட்டு வெளியே வரும்போது கௌசிகா, யாரோ வீட்டுக்கு வந்தவள்போல, "அப்ப போட்டு வாறம்" என்று சொல்லிவிட்டாள். செத்த வீட்டிலேயே நாங்கள் சொல்லிக்கொண்டு வெளிக்கிடுவதில்லை; இது சவக்காலை! உள்ளேயிருந்து, சளி கட்டிய தொண்டையில், நல்ல தமிழில் பதில் வந்தது: "ஓம், வாங்கோ. பாத்துக்கொண்டிருப்பம்."

திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வாசலில் நின்ற ஸப்வான், "மையத்துகளுக்குப் போய் வாறமெண்டு சொல்லுறதா சேர்? சொன்ன ஆள் போகத்தானே வேணும்!" என்று ஓட்டோவை முறுக்கினார். கௌசிகாவோ, "மாமா, பசிக்குது, கொத்து வாங்கித் தாங்கோ" என்கிறாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவளால். கோட்டைக்குள் நிற்கும் மான்கள் ஆர் கையில் எது இருந்தாலும் பறித்துத் தின்னும் சாதி. அவளுடைய கையில் வாழைப்பழத் தோலைக்கூட விடாதவை, நான் நீட்டிய முழுப் பழத்தைக் கண்டு மயிர் சிலிர்த்துப் பின்வாங்கின. அவளுடைய வாசம் என்னிலும் ஒட்டியிருக்க வேணும். கோணேசர் கோயிலில் ஐயர் அவளுக்குத் திருநீறு கொடுத்துவிட்டு, நான் நீட்டிய கையைத் தாண்டி அடுத்தவரிடம் போனார். அவளைக் கண்ட பயத்தில் மனிசனுக்குக் கண் தெரியவில்லை, பாவம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளுமே ஆறிப்போயின. ஏழிலும் அள்ளி ஊற்றினேன், ஏழும் பச்சைத்தண்ணி. "ஐயோ, சுடுது மாமா, எப்பிடி நிக்கிறீங்கள்?" என்று இவள் துள்ளுகிறாள்! பின்னேரங்களில் வீட்டுக் கேற்றடியில் அதே தொண்டை செருமுகிறது, போய்ப் பார்த்தால் ஈரமண் வாசம் மட்டும். அவளுக்கு அது கேட்பதேயில்லை. அவ்வளவுக்குப் பிடித்துவிட்டது பிள்ளையை.

ஆகவே சுணங்காமல் வாருங்கள். மருமகள் நீடூழி வாழவேண்டும். உங்கள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
மச்சான் பிரகலாதன்
(ஓய்வுபெற்ற நிருபர்)

பி.கு.: உறையை ஒட்டுமுன் இதைக் கௌசிகாவிடம் வாசிக்கக் கொடுத்தேன், சம்பந்தப்பட்டவரிடம் ஒருமுறை சரிபார்ப்பது என் தொழில் வழக்கம். "மாமா, நான் அங்க வாயே திறக்கேல்லை. சொன்னது நீங்கள்" என்கிறாள். ஸப்வானுக்குப் போன் போட்டேன். "ஓம் சேர், நீங்கதான். அண்டைக்கே சொன்னனே!" என்கிறார். தவறுக்கு வருந்துகிறேன். நீங்கள் வரத் தேவையில்லை, பிள்ளை இங்கேயே நின்று படிக்கட்டும். வீட்டுச் சாவியை முன்வீட்டு இரத்தினேஸ்வரி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.