நான்காம் தடத்துப் பசு எழுப்பு படலம்

வலக்கையில் விசிலும் இடக்கையில் விதிநூலும் ஏந்தியவனை, காதைத் தொட்ட முடியைக் கண்ட மாத்திரத்தில் கத்தரிக்கோலை வரவழைத்தவனை, காற்சட்டைக்கு வெளியே திரிந்த சட்டை நுனிகளையெல்லாம் ஒரே பார்வையால் உள்ளே ஒடுங்கச் செய்தவனை, தான் குடியிருக்கும் பாக்கார் ஆராங் வரிசை வீடுகளில் எவரும் கண் விழிக்குமுன் கண் விழிக்கும் வல்லோனை, இருபத்தேழு விளையாட்டு விழாக்களை நடத்தி ஒன்றிலேனும் ஒரு நிமிடம் பிந்தாத அந்தோணிதாஸ் என்னும் கட்டொழுங்கு ஆசிரியப் பெருமானை முதற்கண் போற்றி, அவன் ஒரு சனிக்கிழமைக் காலையில் ஒரு பசுவோடு பொருத பெரும்போரைச் சொல்லத் தொடங்குகிறோம். அவன் கழுத்துச் சங்கிலியில் தொங்கும் புனித அந்தோணியார் இச்சொல்லுக்குக் காவல் நிற்பாராக.

சுங்கை லாலாங் வட்டாரத்தில், ஒருபுறம் செம்பனைத் தோட்டமும் மறுபுறம் நெடுஞ்சாலையும் அரண் செய்ய, நடுவே நிமிர்ந்து நிற்கிறது அந்த இடைநிலைப்பள்ளி. டிசம்பர் பிறந்தால் அந்தோணிதாசுக்கு அறுபது வயது, பணி ஓய்வு. ஆகவே இருபத்தெட்டாவது விழாவே அவனது கடைசி விழா. அவன் வேண்டிய வரம் ஒன்றே. டத்தோ பட்டம் பெற்ற மாவட்டக் கல்வி அலுவலகத்து அதிகாரி எட்டேகாலுக்கு வந்து அமர வேண்டும். நூறு மீட்டர் இறுதி ஓட்டம் எட்டரைக்குத் தொடங்க வேண்டும். அதற்காக முந்தின நாள் மாலை, பள்ளிக் காவலாளி முருகையா நூல் பிடிக்க, அவன் தன் திருக்கரத்தாலேயே சுண்ணாம்புக் கோடு இழுத்து, எட்டுத் தடங்களை அத்திடலில் வகுத்து வைத்தான். வீடு போகுமுன் அவற்றைத் திரும்பிப் பார்த்து, கோயில் கோபுரத்தை முடித்த சிற்பியைப் போல் பெருமூச்சு விட்டான்.

விடிந்து ஏழு மணிக்குத் தன் வெண்ணிறத் தேராகிய பழைய மைவி காரிலிருந்து இறங்கிய வீரன் கண்டது என்ன?

ஆநிரை கவர்ந்து போர் தொடங்குவது பண்டைத் தமிழ் வேந்தர் வழக்கம். இங்கோ ஆ ஒன்று தானே வந்து நிலம் கவர்ந்திருந்தது. செவலை நிறமும், வளைந்த ஒற்றைக் கொம்பும், அரசி கொலுவிருக்கும் அமைதியும் உடைய அப்பசு, நான்காம் தடத்தில் நீளவாக்காய்ப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. இருமருங்கிலும் இட்ட சுண்ணக் கோடுகளில் அதன் குளம்பு நுனிகூடப் படவில்லை. அப்பள்ளியின் தொள்ளாயிரம் மாணவரில் எவரும் இத்துணை ஒழுங்காக ஒரு கோட்டுக்குள் இருந்ததில்லை என்பதை வீரனும் மனத்துள் ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டு, விசிலை வாயில் வைத்தான்.

எழுந்தது பேரொலி. கூடாரம் கட்டிக்கொண்டிருந்த சிவப்பு விளையாட்டு இல்லத்து மாணவர் கயிற்றோடு உறைந்தனர். கொடி நட்டுக்கொண்டிருந்த நீல இல்லத்தார் கொடியோடு உறைந்தனர். சாலையில் போன மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர், தம்மைத்தான் நிறுத்துகிறார்கள் என்றெண்ணி ஓரங்கட்டினார். பசு தன் இடக்காதை ஒரு முறை ஆட்டியது. அதுவும் ஓர் ஈக்காக.

அடுத்து வீரன் கையொலிபெருக்கியை எடுத்து மலாய் மொழியில் ஆணையிட்டான். பிறகு ஆங்கிலத்தில் எச்சரித்தான். ஈற்றில், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாய்மொழியில் கெஞ்சினான். தோட்டத்திலே பிறந்து தோட்டத்திலே வளர்ந்த அப்பசுவுக்கு மும்மொழியும் தெரிந்திருக்கக்கூடும். ஆயினும் எம்மொழிக்கும் அது இரங்கவில்லை. சினம் மூண்ட அந்தோணிதாஸ் கையிலிருந்த கோப்பு ஒன்றையே வாளாக்கி அதன் முகத்தெதிரே வீசினான். அக்கோப்பில் இருந்தது பள்ளி முதல்வர் ஆற்ற வேண்டிய வரவேற்புரை, ஆறு பக்கம், மூன்று இரவு கண்விழித்து அவனே எழுதியது. பசு கழுத்தை நீட்டி முதல் நான்கு பக்கங்களை வாங்கிக்கொண்டது. மென்றது. விழுங்கியது. எஞ்சிய இரண்டு பக்கத்தையும் தருவானோ என்று அவனைப் பார்த்தது.

அப்போது மஞ்சள் இல்லத்துக் கூடாரத்தில் கைதட்டல் எழுந்தது. வாழ்நாளில் அவனெதிரே உரக்கச் சிரித்திராத கூட்டம் அன்று சிரித்தது. அந்த ஒலி அவன் நெஞ்சில் வேலாய்ப் பாய்ந்தது. காதருகே முடி வளர்த்ததற்காக அவனிடம் சிக்கியோர், தாமதமாய் வந்து வாயிற்கதவோரம் நின்றோர், காலுறை நிறம் மாறிப் பிடிபட்டோர் அத்தனை பேரும் நான்கு இல்லத்துக் கூடாரங்களிலும் கால்மேல் கால் போட்டு அமர்ந்து, அவனுக்கு அஞ்சாத ஓர் உயிரைக் கண்ணாரக் கண்டனர்.

மானம் பெரிதெனக் கருதிய மறவன், மாணவர் தலைவர் எண்மரைத் திரட்டி, தானும் ஒன்பதாமவனாய்ப் பசுவின் பின்புறம் தோள் கொடுத்தான். தரை அதிர்ந்தது, சப்பாத்துகள் புல்லைக் கிழித்தன, ஒன்பதின்மர் முகங்களும் செம்பனைக் குலையாய்ச் சிவந்தன. பசு நீண்டதொரு மூச்சு விட்டது. மேடையில் ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்த தேவகி டீச்சர், அது ஏற்கெனவே உயிர்பெற்றிருப்பதை அறியாமல் பேச, அவர் குரல் திடல் முழுதும், சாலை முழுதும், அக்கரைத் தோட்டம் முழுதும் முழங்கியது.

“சார், மாடு எந்திரிக்கிறதுன்னா பின்னங்கால்லதான் மொதல்ல எந்திரிக்கும். நீங்க அதுமேலயே சாஞ்சிக்கிட்டு இருக்கீங்க.”

ஒன்பதின்மரும் கையெடுத்தனர். மணி ஏழு ஐம்பது.

அவ்வேளையில் காவலாளி முருகையா மெல்ல நெருங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“சார், அது கன்டின் பிரேமாவோட மாடு. பேரு பியூட்டி. அந்தம்மா கூப்பிட்டாதான் வரும்.”

“இத முன்னயே சொல்றதுக்கு என்னா?”

“நீங்க விசில் ஊதிக்கிட்டு இருந்தீங்க சார். விசில் ஊதுறப்ப யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

கன்டின் பிரேமா என்ற பெயர் கேட்டதும் வீரன் முகம் இருண்டது. அதற்குக் காரணம் உண்டு. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆண்டுவரும் பிரேமாவதி, ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் திடலோரம் மேசை போட்டுக் கறிபாப் விற்பவள். பொன்னிற மேனியும், மடித்த ஓரமும், உள்ளே உருளைக்கிழங்கும் கோழியும் ஒளித்த அந்தக் கறிபாப்பின் வாசனைக்குத் திடலின் மறுகோடியிலிருந்தும் வரிசை கூடும். கடந்த ஆண்டு அவ்வரிசையில் நின்றதால் தொடர் ஓட்டக்காரர் நால்வர் அழைப்பைத் தவறவிட்டு ஓடிவந்தனர். அன்றே சபதமிட்ட அந்தோணிதாஸ், இவ்வாண்டு விழா நாளில் சிற்றுண்டிச்சாலை மூடப்படும், மாணவருக்குப் பொட்டல ரொட்டியும் பெட்டித் தண்ணீரும் வழங்கப்படும் என்று கடிதம் அனுப்பிவிட்டான். கடிதம் கண்ட நாள் முதல் அவள் அவனுக்குத் தேநீரில் பால் குறைத்தாள். அவன் அதைக் கவனித்தும் கேட்கவில்லை. கேட்டால் அவள் வென்றதாகிவிடும்.

அத்தகைய கோட்டையை நோக்கித்தான் அவன் இப்போது தனியனாய், தேரின்றிப் படையின்றி நடந்தான். தொள்ளாயிரம் கண்ணிணைகள் அவன் முதுகைத் தொடர்ந்தன.

சிற்றுண்டிச்சாலைக் கதவில் ‘துத்துப்’ என்ற மலாய் அட்டை, மூடியிருக்கிறது என்று அறைகூவிக்கொண்டிருந்தது. கதவென்னவோ திறந்தே கிடந்தது. உள்ளே நீண்ட விசுப்பலகையில் கைகட்டி அமர்ந்திருந்தாள் பிரேமாவதி.

“பிரேமா, ஒங்க மாடு டிராக்குல படுத்திருக்கு. கொஞ்சம் வந்து கூப்புடுங்க.”

“கன்டின் இன்னைக்கி துத்துப் சார். நான் இங்க இல்ல.”

“வெளயாடாதீங்க. டத்தோ இன்னும் கால் மணி நேரத்துல வந்துருவாரு.”

“மாடு வந்தது தப்புதான் சார். அத நான் ஒத்துக்கிறேன். கால்வா பக்கம் வேலி ஒடஞ்சி கெடக்குன்னு மூணு மாசமா ஆபீஸ்ல சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். லெட்டர் போட்டுச் சொல்லணும்னு எனக்குத் தெரியல. ஒங்களுக்குத்தான் லெட்டர் நல்லா எழுத வருது.”

அம்பு தைக்க, அந்தோணிதாஸ் பார்வையைத் திருப்பினான். அவன் கண், அவளுக்குப் பின்னே மேசையில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்த ஐந்து பெருந்தட்டுகளின்மேல் விழுந்தது. துணியைத் தூக்க வேண்டிய தேவையே இல்லை. வாசனை அதற்கு முன்பே வந்து அவனைக் கைப்பிடித்திருந்தது.

“கடை இல்லன்னு தெரிஞ்சிமா சுட்டீங்க?”

“முந்தாநாளே உருளக்கெழங்கு வாங்கிட்டேன் சார். வாங்குனப்பறம் கை சும்மா இருக்கல.” அவள் குரலில் இருந்த முள் சற்றே மழுங்கியது. “ஐநூறு இருக்கு. பன்னெண்டு வருசம் இந்தப் புள்ளைங்க இதத் தின்னுட்டுதான் ஓடுச்சிங்க. இந்த வருசம் அந்தப் பிளாஸ்டிக் ரொட்டியத் தின்னுட்டு ஓடட்டும்னு ஒங்களுக்கு எப்புடி சார் மனசு வந்துச்சி?”

“போன வருசம் என்னா நடந்துச்சின்னு தெரியுமா ஒங்களுக்கு? நாலு பயலும் கறிபாப்ப கையில வச்சிக்கிட்டே ஓடுனானுங்க.”

“ஓடுனாங்கள்ல?”

“ஒருத்தன் பேட்டன் குடுக்கிற எடத்துல கறிபாப்ப குடுத்துட்டான்.”

பிரேமாவதி ஒருகணம் அவனை உற்றுப் பார்த்தாள். “வாங்குனவன் என்னா செஞ்சான்?”

“தின்னுக்கிட்டே ஓடுனான்,” என்றான் அந்தோணிதாஸ். சொல்லிவிட்டு, ஓராண்டாய்த் தன் மார்பில் பூட்டி வைத்திருந்த சினம் எங்கே என்று தேடினான். அது அங்கில்லை. அதன் இடத்தில் ஒரு சிரிப்பு உருண்டு வந்து தொண்டையை முட்டியது. அவன் அதை இருமலாக மாற்ற முயன்றான். அவளுக்கு அது தெரிந்துவிட்டது. அவளும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கட்டொழுங்கு ஆசிரியர் சிரித்ததை அப்பள்ளியில் கண்ட முதல் உயிர் அவளே.

“கடேசி வருசம் சார் ஒங்களுக்கு,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மூஞ்ச இப்பிடியே வச்சிக்கிட்டுப் போங்க.”

அப்போது அவன் தன் வாழ்நாளிலேயே அரிதான பிரகடனத்தை வெளியிட்டான். மஞ்சள் இல்லத்துக் கூடாரத்தின் கீழ்ப்புறம் அவள் மேசை இட்டுக்கொள்ளலாம் என்றும், தொடர் ஓட்டக்காரர் எவருக்கும் ஓடி முடிக்கும்வரை ஒரு துண்டும் விற்றலாகாது என்றும், வேலியைத் தானே முன்னின்று கட்டித் தருவதாகவும் அவன் உரைக்க, அவள் தலையசைத்து ஏற்றாள். பிறகு காலணியை மாட்டிக்கொண்டு, முன்றானையை இடுப்பில் செருகி, அவனுக்கு முன்னே நடந்தாள்.

திடல் மூச்சடக்கியது. நான்காம் தடத்தை அடைந்த பிரேமாவதி மந்திரம் ஏதும் ஓதவில்லை. கயிறு வீசவில்லை. பசுவின் கழுத்தடியைச் சொறிந்துவிட்டு, அண்டை வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல், “எந்திரி பியூட்டி, ஒனக்கு வேற வேல இல்ல?” என்றாள்.

பசு எழுந்தது. பின்னங்கால் முதலில், தேவகி டீச்சர் சொன்னபடியே. எழுந்து, எட்டு மாணவர் தலைவரையும் ஒருமுறை நோட்டமிட்டு, அவள் பின்னே நடந்தது. நான்கு இல்லத்தாரும் நிறம் மறந்து ஆர்ப்பரிக்க, வெற்றி ஊர்வலம் நீலக் கூடாரத்தைக் கடந்து, பச்சைக் கூடாரத்தைக் கடந்து, உடைந்த வேலி வழியே செம்பனை நிழலுக்குள் மறைந்தது.

வீரனுக்கு ஓய்வு இல்லை. ஒன்பதின்மரின் சப்பாத்துகள் மிதித்ததில் கோடு அழிந்திருந்தது. அது போதாதென்று பசுவும் ஒன்றை விட்டுச் சென்றிருந்தது. முருகையா மண்வெட்டியோடு வர, அதை வாங்கி அந்தோணிதாஸ் தானே அள்ளினான். தானே மணல் பரப்பினான். முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்து, சுண்ணாம்புக் கோட்டைத் தானே புதிதாய் இழுத்தான். வாயிலில் அதிகாரியின் கறுப்பு வண்டி நுழைந்தபோது அவன் முழங்கால்கள் இரண்டும் வெள்ளை. முதல்வர் எஞ்சிய இரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு வரவேற்புரையை மூன்று நிமிடத்தில் முடித்தார். அதிகாரி முதன்முறையாக ஒரு பள்ளி விழாவில் மனமாரக் கைதட்டினார்.

எட்டு இருபத்தொன்பது. கிழக்கே கதிரவன் செம்பனை ஓலைகளுக்குமேல் எழுந்து களத்தைப் பொன்னாக்க, அகன்ற மார்பும் நரைத்த மீசையும் வெள்ளை முழங்கால்களுமாய்த் தொடக்கக் கோட்டின் ஓரத்தில் நின்றான் அந்தோணிதாஸ், இருபத்தெட்டு விழாக்களின் நாயகன், ஒரு நிமிடமும் பிந்தாதவன், பசுவையும் பகையையும் ஒரே காலையில் எழுப்பி அனுப்பியவன்; நின்று, துப்பாக்கியை வானோக்கி உயர்த்தி, இறுதி ஓட்டத்து வீரரைத் தத்தம் தடம் ஏறுமாறு இடிக்குரலில் அழைத்தான்.

நாலாவது தடத்தில் ஓட வேண்டிய பையனுக்குக் காய்ச்சல், அன்றைக்கு அவன் பள்ளிக்கே வரவில்லை.