வேணாம் காக்கா

கல்முனைப் பஸாரில் வாயைத் திறந்து தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டு, அதனாலேயே முப்பது வருடம் கடை நடத்திய ஒரே மனிதர் வேணாம் காக்காதான். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். தண்ணீர் மோட்டர், குழாய், ஃபேன் விற்கிற கடை. உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு இருந்தது. அதை நான் ஒரேயொரு தடவைதான் கேட்டேன்.

மற்ற முதலாளிமார் "வாங்க, என்ன வேணும்?" என்பார்கள். இவர் வந்தவர் கேட்பதை முழுக்கக் கேட்டுவிட்டு "வேணாம்" என்பார். பத்தடி அறைக்கு இரண்டு ஃபேன் கேட்ட பாலமுனைக்காரரிடம், "ஒண்டு போதும். ரெண்டு போட்டா ஓடு கழண்டு பறக்கும், வேணாம்" என்றார். புது மோட்டர் வாங்க வந்த ஒரு டீச்சரை, "பழசக் கொண்டு வாங்க, உள்ளுக்கு ரப்பர் வாசர்தான் போயிரிக்கும்" என்று திருப்பி அனுப்பினார். பிறகு அந்த டீச்சரின் குடும்பத்தில் ஏழு வீடு கட்டினார்கள். ஏழுக்கும் குழாய் இவரிடம்தான் எடுத்தார்கள்.

வேலையாட்களிடமும் அவருக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. கடையில் பிழை நடந்தால் ஏச்சு வாங்க அவரே முன்னால் வந்து நிற்பார். யாராவது பாராட்ட வந்தால் சாமான் அறைக்குள் போய் ஒளிந்துகொள்வார், வேலை செய்தவனே நின்று கேட்கட்டும் என்று.

கட்டாரில் பதினாறு வருடம் உழைத்ததையெல்லாம் போட்டு அவருக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டர் விற்கிற கடை ஒன்றை நான் திறந்தேன். திறப்பு நாளிலேயே வந்து, "இந்த எடம் வேணாம் தம்பி. மேற்கு வெயில் நேரா உள்ளுக்கு விழும்" என்றார். மனிதனுக்குப் பொறாமை என்று நினைத்தேன். ஆறு மாதத்தில் வாசலோரம் வைத்திருந்த வெள்ளை ஃபிரிட்ஜ் எல்லாம் மஞ்சளாகின.

வியாபாரம் படுத்துவிட்டது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் விற்பனைப் பயிற்சி என்று கேள்விப்பட்டுப் போனேன். டை கட்டிய பயிற்சியாளர் ஒரு மந்திரம் சொல்லித் தந்தார்: வாடிக்கையாளரை மூன்று தடவை 'ஓம்', அதாவது ஆமாம் என்று சொல்ல வையுங்கள், நாலாவதற்கு அவரால் மறுக்க முடியாது. கொப்பியில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக்கொண்டேன். ஊருக்கு வந்ததும், 'இங்கே இல்லை என்ற சொல்லே இல்லை' என்று பெரிய பலகை ஒன்றும் மாட்டினேன். காக்கா அதை நின்று வாசித்துவிட்டுத் தன் கடைக்குள் போனார்.

அந்த வாரமே சொறிக்கல்முனையிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். கொச்சிக்காய் என்கிற மிளகாய்க் கன்று நட்டிருந்தார். பெரிய மோட்டர் வேண்டும் என்று முதலில் காக்காவிடம்தான் கேட்டிருக்கிறார். அந்த நேரம் பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். "வேணாம்" என்று ஒரு சொல்லோடு காக்கா தொழப் போய்விட்டார். காரணம் தெரியாத மனிதர் என் கடைக்குள் ஏறினார்.

"கிணறு இரிக்கா?"

"ஓம்."

"கன்றுக்குத் தண்ணி கட்டணும்தானே?"

"ஓம்."

"கெதியா, நேரத்தோட வேல முடியணும் என்ன?"

"ஓம் முதலாளி."

"அப்ப இருக்கிறதுலயே பெரிசுதான் ஒங்களுக்குச் சரி!"

பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. மனிதர் மோட்டரைக் கட்டிக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வாரம் தோட்டக்காரர் கரிந்துபோன அதே மோட்டரைத் திரும்பக் கொண்டு வந்தார். "எரிஞ்சு போச்சு முதலாளி. கொச்சிக்காக் கண்டெல்லாம் வாடிக் கிடக்கு" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவர் தணிந்த குரலில்தான் சொன்னார். தண்ணீரில்லாமல் ஓடி எரிந்த மோட்டருக்கு உத்தரவாதம் செல்லாது என்று நான் அட்டையை நீட்டினேன். வாசலில் ஆட்கள் கூடினார்கள். பஸாரில் ஒரு கடைக்குப் பெயர் கெட அரை மணி நேரம் போதும், என் பெயர் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காக்கா உள்ளே வந்தார். எனக்கு நல்ல ஏச்சு கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் தோட்டக்காரரின் கையைப் பிடித்தார்.

"பிழ என்னில தம்பி. வேணாம் எண்டு சொன்னன், ஏன் வேணாம் எண்டு சொல்லல்ல. ஒங்கட பக்கத்துக் கிணறு ஊறிறது மெதுவா. பெரிய மோட்டர் பத்து நிமிசத்துல வத்த வெச்சிட்டு வெறும் காத்த இழுக்கும். அத அண்டைக்கே சொல்லியிருக்கணும். அரைவாசி வேலதான் செஞ்சிரிக்கன்."

எரிந்ததற்குப் பதிலாகத் தன் கடையிலிருந்து சின்ன மோட்டர் ஒன்றைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். "ஏறுங்க தம்பி, போய்க் கிணத்துல பூட்டிக் குடுப்பம்" என்றார் என்னிடம். இருவரும் சொறிக்கல்முனைக்குப் போனோம். வெயிலில் குனிந்து குழாய் மாட்டியது அவர். சுவிட்சை என்னைப் போடச் சொன்னார். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியதும், "மொதலாளியே வந்து பூட்டித் தந்திரிக்காரு" என்று தோட்டக்காரரிடம் என்னைக் காட்டிவிட்டு, ஆட்டோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தோட்டக்காரர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தார்.

திரும்பி வரும் வழியில், வயல் ஓரத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"காக்கா, கடைய மூடிட்டுத் திரும்பக் கட்டாருக்கே போகட்டா?"

வழக்கம்போல முழுக்கக் கேட்டார். "வேணாம்" என்றார்.

இந்த முறை காரணத்தையும் சொன்னார். "இண்டைக்கு அந்த மனிசன் ஒங்களுக்குத் தேத்தண்ணி தந்தாரு. எரிஞ்ச மோட்டர் வித்தவனுக்கு ஆரும் தேத்தண்ணி குடுக்க மாட்டாங்க. இனி அவரு ஒங்கட ஆள்."

மறுநாள் பலகையைக் கழற்றினேன். சாமானை உள்ளே தள்ளி, வெயிலுக்குத் திரை போட்டேன். தோட்டக்காரர் தன் ஊரில் பாதிப்பேரை என் கடைக்கு அனுப்பினார். கடை இன்றைக்கும் இருக்கிறது. வியாபாரத்தைப் பற்றி யாராவது என்னிடம் புத்தி கேட்டால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வேணாம் என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள், பிழை நடந்தால் முன்னால் போய் நில்லுங்கள்.

போன நோன்புக்கு முன்னால் ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருவர் இறந்த செய்தியையும் ஜனாஸா நேரத்தையும் அறிவித்தார்கள். பெயரைக் கேட்டு பஸாரில் ஒருவரும் அசையவில்லை. யாரோ வெளியூர் ஆள் என்று நானும் ஒருவருக்கு ஃபேன் விலை சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவித்தவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தி, "நம்மட வேணாம் காக்கா" என்றார். வரிசையாகக் கடைக் கதவுகள் இறங்கின.

மையவாடியில் அவரை அடக்கிய குழிக்குள் மூன்று பிடி மண் போட என் முறை வந்தது. ஊருக்கே அந்தச் சொல்லைச் சொன்ன மனிதரிடம் அதை யாரும் சொன்னதில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"போக வேணாம், காக்கா."