போட்டுவாறன் அண்ணை

அன்றைக்கு மருதனார்மடம் சந்தி நெற் கபேயில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, நான், கடைக்காரரான போட்டுவாறன் அண்ணை. இல்லாதவர் அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளை. அவர் சுவிஸில் இருந்தார்.

உலகத்திலேயே இன்ரர்நெற்றுக்கு மரியாதை பழக்கிய ஒரே மனிதர் அண்ணைதான். மெசெஞ்சரில் ஒருவரோடு கதைப்பது அவருடைய வீட்டுக்குப் போவதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. ஆகவே செருப்பு வாசலில். முதற்கேள்வி "சாப்பிட்டாச்சோ?" கனடாவில் இன்னும் விடியவில்லை என்றாலும் அதுதான். எழும்பும்போது விடைபெற்று "போட்டு வாறன்" என்று அடித்து, அங்கிருந்து "ஓம், வாங்கோ" வரும்வரை கதிரையை விட்டு அசையக்கூடாது.

ஒருநாள் ஒரு பெடியன் லண்டன் பெட்டையோடு சண்டைபிடித்துவிட்டு, சொல்லாமல் எழும்பிப் போனான். அண்ணை சந்தைக்குள் துரத்திப்போய், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"சண்டை பிடி, நான் மறிக்கேல்லை. சொல்லிப்போட்டுப் போ."

"இனிக் கதைக்காதை எண்டு அவள்தான் சொன்னவள், அண்ணை!"

"உது கதையில்லையடா. மரியாதை."

பெடியன் திரும்பி வந்து அடித்தான். இப்போது இருவரும் லண்டனில் ஒரே வீட்டில் இருந்து சண்டைபிடிக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் திரையை வாசிப்பது என் பொறுப்பு, அடிப்பது அண்ணை. நான் எழுத்தைத் தேடித் தேடி அடித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளைக்கு நரைத்துவிடும் என்று அம்மா பயந்தார். அக்காவுக்கு வெங்காயத் தோட்டம் தெரியும், எழுத்துத் தெரியாது. அதனாலேயே முன்பு ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளைக்கு அதைச் சொல்லவில்லை.

"என்னைப் பிடிச்சிருக்கோ?" என்று மாப்பிள்ளை கேட்டிருந்தார். வாசித்தேன்.

"ஓமெண்டு அடியுங்கோ, தம்பி," என்றார் அம்மா.

அண்ணை கையை எடுத்துவிட்டார். "கேட்டது உங்களையில்லை, அம்மா."

அக்கா நிலத்தைப் பார்த்தாள். திரை படபடவென்று ஆடியது.

"ஐயோ, பெட்டி நடுங்குது! மாப்பிள்ளைக்குக் கோபமோ?"

"இல்லையம்மா. அங்கை ஒரு பட்டனை அமத்தினால் இஞ்சை இப்பிடி ஆடும். கதவு தட்டுறார்."

அக்கா வாய் திறந்தாள். "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாதெண்டு சொல்லுங்கோ, அண்ணை. அதுக்குப் பிறகு கேக்கட்டும்."

அம்மா தலையில் கைவைத்தார். அண்ணை அப்படியே அடித்து அனுப்பினார். கரண்ட் போனது.

அம்மா அழுதார். அண்ணையும் ஏறக்குறைய அழுதார், காரணம் வேறு. "சொல்லாமல் எழும்பிட்டமே!"

ஜெனரேற்றரில் மண்ணெண்ணெய் இல்லை. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, மண்ணெண்ணெய் அடுப்பில் இருந்ததை அண்ணை ஊற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவர் மனைவியின் குரலும் வந்தது.

திரை திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்தது; ஆள் லைனில் இல்லை.

"விடுங்கோ தம்பி. முடிஞ்சுது."

"எப்பிடி முடியும், அம்மா? அவரும் சொல்லிப்போட்டுப் போகேல்லையே."

பின்னேரம்வரை இருந்தோம். பெயர் பச்சையாகியது. "நான் கேட்டது பிடிக்காமல் எழும்பிப் போட்டீங்களோ?" என்று வந்தது.

அக்கா அம்மாவைப் பார்க்கவேயில்லை. "கரண்ட்தான் போனது, நான் போகேல்லை எண்டு அடியுங்கோ."

"அப்ப சரி. எழுத்து நான் பழக்கிவிடுறன். எனக்குச் சோறு சமைக்கப் பழக்குங்கோ, இஞ்சை மூண்டு நேரமும் பாண்தான்," என்று பதில் வந்தது.

அக்கா அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

தரகருக்குக் கொடுத்தே தோட்டம் ஈடுவைத்த குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. அண்ணை கதைத்த நேரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தார். காத்திருந்த நேரத்துக்குக் காசு வாங்குவதில்லையாம். அக்காவின் கலியாணம் பேசி முடிக்க எங்களுக்குச் செலவானது நாற்பது ரூபாய்.