மாட்டு டாக்டரின் ரெண்டரைப் பிடி

உலகத்திலுள்ள சகலத்தையும் அரைப் பிடி, ஒரு பிடி என்று அளந்து வைத்திருந்த மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே எங்கள் மாட்டு டாக்டர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் வைத்தியம் பார்த்த மாடுகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆனைமலைத் தோட்டத்துத் துரைகளின் குதிரைகளுக்கு மருந்து கொடுக்கப் போய், கான்ட்ராக்ட் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தைக் கற்றுக்கொண்டு இறங்கியவர் அவர். ஆட்டத்தில் ஒரு சுற்றை ஜெயிப்பதுதான் பிடி. கையிலுள்ள சீட்டு எத்தனை பிடி தரும் என்று முதலில் எண்ண வேண்டும். ரெண்டரை தேறினால்தான், இத்தனை பிடி எடுப்பேன் என்று கூறும் ஏலத்தில் முதலில் வாய் திறக்கலாம். டாக்டர் இதை வாழ்க்கைக்கே விதியாக்கிவிட்டார். கல்யாண வீட்டில் பாயசம் எப்படி என்று கேட்டால், "ஒண்ணரைங்க. முந்திரி பத்தலை" என்பார். ஒரு பெரிய மிராசுதாரின் எருதைத் தடவிப் பார்த்துவிட்டு, "எருதுக்கு ரெண்டுங்க, உங்களுக்கு அரை" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்.

இவரிடம் நான் போய் மாட்டிக்கொண்டது என் மகள் ருக்மணிக்காக. ஏற்கெனவே இரண்டு வரன் கை நழுவிப் போயிருந்தது. மூன்றாவதாகப் பீளமேட்டில் பஞ்சு ஜின்னிங் பாக்டரி வைத்திருந்தவர் வீட்டிலிருந்து வந்து பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்திற்று. பதில்தான் வரவில்லை. பொறுக்காமல் நானே போய்க் கேட்டேன்.

"எல்லாஞ் செரிங்க வக்கீலுங்க. ஞாயித்துக்கிழமையானா பிரிட்ஜுக்கு ஓராளு கொறையுதுங்க. சம்பந்தியே வந்து உக்காந்தா நல்லாருக்குமில்லீங்களா? ஆட்டம் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டேன். வெளியே வந்து சட்டையைப் பிழிந்தேன். நேரே டாக்டரிடம் போய்ப் பாடம் கேட்டேன்.

முதல் பாடத்தில் எனக்கு ஒரே படச்சீட்டாக வந்தது. சந்தோஷத்தில் கூவினேன்.

"படம் பாக்கோணும்னா டாக்கீஸுக்குப் போங்க" என்றார் டாக்டர். "ராஜா இஸ்பேட்டுல நிக்கறாரு, ராணி டைமன்ல நிக்கறா. இது குடும்பமுங்களா? ரெண்டும் ஒரே இனத்துல இருந்தா ஜோடி மாடு, ஒரு பிடி. தனி ராஜா ஒத்தை மாடு, அரைதான். தனி ராணிக்கு ஒண்ணுமில்லீங்க. ஏஸ் ஒண்டியா நின்னாலும் ஒண்ணு, ராஜாவோட நின்னா ரெண்டு."

எண்ணும் வியாதி எனக்கும் பிடித்துக்கொண்டது. கோர்ட்டில் ஜட்ஜ், "ஆட்சேபணை உண்டா?" என்றால், எழுவதற்கு முன் எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

பாடத்துக்கு நாலு கை வேண்டுமென்று என் மனைவியும் ருக்மணியும் உட்கார்ந்தார்கள். ஒருநாள் டாக்டர் ரெண்டரை என்று வாய் திறந்து, ஆட்டம் தோற்றார். ருக்மணி அவருடைய சீட்டுகளை விரித்துப் பார்த்தாள்.

"ஏனுங்க மாமா, உங்க ராஜாவும் ராணியும் வேற வேற இனமுங்க. ரெண்டுதானே வருது?"

டாக்டர் சீட்டையே முறைத்தார். காபியைத் தொடாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சொல்லிக்கொடுக்கிறவரையும் பகைத்துக்கொண்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒன்றும் நடக்காதவர் மாதிரி வந்தார்.

பாக்டரிக்காரர் வீட்டில் நான் உட்கார வேண்டிய ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. எனக்கு ஜோடி பாக்டரிக்காரர். எதிர் ஜோடி அங்கே வாராவாரம் ஆடும் நம் டாக்டரும், பாக்டரிக்காரரின் மச்சினரும். என் கையில் இஸ்பேட் ஏஸும் ராஜாவும், ஆர்ட்டீன் ராஜாவும் ராணியும். எண்ணினேன், மூன்று. மறுபடி எண்ணினேன், மூன்றேதான். வாய் திறக்க வேண்டியதுதான் பாக்கி. திறக்கவில்லை.

அப்போது என் கை, என்னைக் கேட்காமலே, தோள் துண்டை எடுத்து மேஜைக்குக் குறுக்கே பாக்டரிக்காரரின் கைமேல் போட்டது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அப்படி அவருடைய மூன்று விரலை அழுத்தினேன். அவரும் சந்தையில் வளர்ந்தவர்தானே? பழக்க தோஷத்தில் என்னுடைய ரெண்டு விரலைத் திருப்பி அழுத்திவிட்டார்.

டாக்டர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"இது சீட்டாட்டமா, சந்தைங்களா? கையில இருக்கறத வாயாலதான் சொல்லோணும். வெரலால சொன்னா அது களவுங்க."

களவு! ருக்மணியின் மணவறை என் கண்முன் சரிந்து விழுந்தது. பாக்டரிக்காரர் முகம் சிவந்து கையை இழுத்துக்கொண்டார்.

"டாக்டருங்க, நீங்க கூட்டியுஞ் சொல்லமாட்டீங்க, கொறைச்சுஞ் சொல்லமாட்டீங்க" என்றார் பாக்டரிக்காரர். "இந்த ஊட்டுல பொண்ணெடுக்கலாமுங்களா? எத்தனை பிடி?"

பாயசத்துக்கே ஒண்ணரை கொடுத்தவரிடமா இதைக் கேட்பது!

"வக்கீலு அரைங்க. மிச்சமெல்லாம் நடுக்கம்" என்றார் டாக்டர். "அவுங்க ஊட்டம்மா ஒண்ணரை."

கூட்டினேன். ரெண்டு. அரை குறைகிறது!

"பொண்ணு?"

டாக்டர் எண்ணுவதற்கு விரலை விரித்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"அந்தக் கண்ணு எங் கணக்கையே திருத்திப்போட்ட புள்ளைங்க. அத நான் எண்ணலீங்க. எண்ணாமயே வாயத் தொறக்கலாம்."

"அப்படீன்னா தொறந்துபோட்டேனுங்க" என்று சிரித்தார் பாக்டரிக்காரர்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. இந்த வருஷம் டாக்டருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிவிட்டது. அவர் நாற்காலியில் இப்போது ருக்மணி உட்காருகிறாள். களவு என்று பட்டால் அவரைப் போலவே சீட்டைக் கவிழ்த்து வைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நானும் தவறுவதில்லை. துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

போன வாரம் மாப்பிள்ளை விளையாட்டாகக் கேட்டார்: "ஏனுங்க மாமா, அந்த டாக்டருக்கு எத்தனை பிடி போடுவீங்க?"

அவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.