ஜீப்புக்குப் புதுப் பம்ப் பூட்டிய விபரம்

நாரந்தனை,
ஆவணி, 1973.

இயேசு மரி சூசை துணை

கொழும்புத் துறைமுகத்தில் உத்தியோகம் பார்க்கும் பெருமதிப்புக்குரிய அம்புறோஸ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் மரியநாயகம் பணிவோடு எழுதுவது. இவ்விடம் அக்கா சுகம். அம்மா முழங்காலைத் தவிர மற்ற இடமெல்லாம் சுகம். ஆடுகளும் சுகம். ஜீப்பின் சுகத்தைப் பற்றித்தான் இக்கடிதம். மேற்கொண்டு வாசிக்குமுன் ஒரு கதிரையில் இருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. "பாஸ்குத் திருநாள் லீவிலை நான் வந்து நிண்டபோது குதிரை மாதிரி ஓடின ஜீப், நான் வெளிக்கிட்ட பிறகு வழிவழிய நிக்குதெண்டால் அது உன்ரை கைவேலைதான்" என்று எழுதியிருந்தீர்கள். வயதுக்கு மூத்தவர், அக்காவின் புருசன், ஆகையால் மறுத்து எழுதவில்லை. ஊர்காவற்றுறைக் கோயில் திருநாளுக்கு அக்காவையும் அம்மாவையும் ஜீப்பில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தால் ஜீப் வீட்டோடு நிற்கும், நான் அதை வாடகைக்கு ஓட்டலாம். இல்லாவிட்டால் வேலணை இளையதம்பி அண்ணை கொண்டுபோய்ப் புகையிலை ஏற்றட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். அத்தான், அதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக்காரன் யுத்தத்துக்கென்று கப்பலில் கொண்டுவந்த ஜீப்! மணலென்ன, சேறென்ன, முழங்கால் தண்ணியென்ன, எதற்குள் இறக்கினாலும் ஏறி வருகிறவன். அவனுடைய முதுகில் புகையிலைச் சிப்பமா? இந்தத் தீவில் பொடியள் எல்லாரும் சினிமாக்காரரின் படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். நான் என் தலைமாட்டில் ஒட்டி வைத்திருப்பது இவனுடைய படத்தைத்தான். அதுவும் நானே கீறியது.

ஆகவே அவனுடைய நோய் வருத்தத்தை ஆராய்ந்தேன். காலமை ஸ்டார்ட் பண்ணினால் சிங்கம். கொஞ்சத் தூரம் ஓடுவான், பிறகு இருமுவான், விக்குவான், நிற்பான். என்னிடம் இருக்கிற மோட்டர்ப் புத்தகத்தில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது தங்களுக்குத் தெரியும். கறையான் விட்டுவைத்த பக்கத்தில், என்ஜினுக்குப் பெற்றோல் வராவிட்டால் முதலில் பம்பைப் பார் என்று தெளிவாக இருந்தது. அதற்கு முதல் பக்கத்தில் வேறேதும் இருந்ததோ தெரியாது, அது கறையானுக்குத்தான் வெளிச்சம். பம்ப்தான் என்று முடிவு கட்டினேன். பருப்பே கிடையாத இந்தக் காலத்தில் பம்ப் எங்கே கிடைக்கும்? யாழ்ப்பாணத்தில் ஏறி இறங்காத கடையில்லை. கடைசியாக ஒரு பழைய இரும்புக் கடையில், கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு செத்த ஜீப்பின் வயிற்றுக்குள் ஒன்று கண்டேன். தங்கள் கலியாணத்தன்று மச்சானுக்கென்று என் கையில் கட்டிவிட்டீர்களே ஒரு மணிக்கூடு, அதைக் கழற்றிக் கொடுத்துத்தான் வாங்கினேன். இனிமேல் இக்கடிதத்தில் எங்கேயும் மணி நேரம் எழுதப்பட மாட்டாது, மன்னிக்கவும்.

பழைய பம்பைக் கழற்றுவது சின்ன வேலை. இரண்டு போல்ற், அவ்வளவுதான். மேல் போல்ற் மனிசன் கழற்றுவதற்கு வைத்தது. கீழ் போல்ற்றை நண்டுதான் கழற்றலாம். கடற்காத்து உப்பு அதை என்ஜினோடு ஒட்டி ஒரே இரும்பாக்கியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, பேசி, ஒருவழியாய்க் கழன்றபோது என் நாரி எலும்பும் சேர்ந்து கழன்றது. புதுப் பம்பைக் கழுவுவதற்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. குசினியில் ஒரு சட்டி சும்மா கிடந்தது. அது மீன் சட்டி என்பதை நான் கவனிக்கவில்லை. பெற்றோல் போகக் கழுவித்தான் வைத்தேன், ஆனால் அன்றைக்கு அக்கா அதில் ஒட்டி மீன் குழம்பு வைத்து, ஒரு வாய் வைத்தவுடன், "டேய், குழம்பு சாப்பிடுறதோ, இல்லாட்டில் பத்தவைக்கிறதோ?" என்று கேட்டா. அதற்குப் பிறகு அம்மா அந்த அடுப்பை மூட்டப் பயந்து வீடெல்லாம் பாணும் சம்பலும்.

பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் எண்ணெய் கசியாமல் ஒரு மட்டை வைக்கவேணும். தடித்த மட்டை தேடி அலுமாரியெல்லாம் கிண்டினேன். அந்த அளவு தடிப்பில் இந்த வீட்டில் இருந்தது தங்கள் கலியாணக் காட் ஒன்றுதான். கத்திரிக்கோலால் வடிவாக வெட்டி வைத்தேன். ஆகவே இன்றைக்கு என்ஜின் பக்கம் அக்காவின் பெயர் "மாக்கிறேற்" என்றும் பம்ப் பக்கம் தங்கள் பெயரின் பாதியும் இருக்கிறது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

திருநாள் வந்தது. அக்கா புதுச் சீலை, அம்மா செபமாலை, நான் கழுவின சேட். வெளிக்கிட்டோம். அத்தான், என்ன ஓட்டம்! கரம்பனுக்குக் கிட்டப் போக, இருமல். பிறகு விக்கல். பிறகு நிற்பு. பெற்றோல்தான் முடிந்ததோ என்று, எல்லாரையும் இறக்கி, டிறைவர் சீற்றைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கிற டாங்கியின் மூடியைத் திறந்தேன். "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு வந்தது. தென்னோலை ஈர்க்கு ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தேன், பெற்றோல் நிறைய நின்றது. மூடியைப் பூட்டி, சீற்றை வைத்து, ஸ்டார்ட் பண்ணினேன். சிங்கம்!

"கேட்டியே மோனை அந்தச் சத்தத்தை? உள்ளுக்கை கிடந்தது வெளிக்கிட்டுப் போட்டுது. நான் செபமாலை தொடங்கினவுடனை போட்டுது" என்றா அம்மா.

"அது பெற்றோல் ஆவியணை அம்மா."

"ஆவிதான் எண்டு நானும் சொல்லுறன்."

திரும்பவும் நின்றது, திரும்பவும் இறங்கினோம், சீற்றைத் தூக்கினேன், பெருமூச்சு, ஈர்க்கு, செபமாலை, சிங்கம். இப்படியே கோயில் வாசலில் கொண்டுபோய் இறக்கினேன். ஒப்பந்தத்தில் பாதி முடிந்தது என்று நானே எனக்குக் கைகொடுத்தேன். பம்ப் புதிசு, பழக நாளெடுக்கும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பி வரும்போதுதான் கெட்ட காலம். கோயிலில் சாப்பிட்ட பிறகு அம்மா ஈர்க்கை எடுத்துப் பல்லுக் குத்தி, பெற்றோல் மணக்குதென்று துப்பி, முறித்து எறிந்துவிட்டா. அதோடு ஜீப்பில் ஏறினவுடன் நித்திரை. கரம்பனில் நின்றது. ஈர்க்குமில்லை, செபமாலையுமில்லை. பெற்றோல் கிடக்குதென்று தெரிந்ததுதானே, சீற்றைத் தூக்குவதில் என்ன பயன்? ஸ்டார்ட் பண்ணினேன், பண்ணினேன், பண்ணிக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து இளையதம்பி அண்ணை தன்னுடைய மாட்டு வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"என்ன தம்பி, நீர் ஜீப் ஓட்டுறீரோ, காவல் இருக்கிறீரோ?"

"புதுப் பம்ப் அண்ணை. பழகேல்லை."

"ஆர் பூட்டினது?"

"நான்தான்."

"அதுதானே பாத்தன். என்னட்டைக் கயிறு கிடக்குது. எப்பிடியும் நாளைக்கு எனக்கு வாற சாமான், இண்டைக்கே கட்டி இழுத்தால் என்ன?"

கட்டினார். அத்தான், யுத்தம் பார்த்த ஜீப்பை இரண்டு வடக்கன் மாடு இழுத்தது. திருநாளுக்கு வந்த சனம் முழுக்க றோட்டின் இரண்டு பக்கமும். ஒருவர் "மாடு பூட்டின மோட்டரெண்டால் பெற்றோல் மிச்சம்" என்றார். அக்கா சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வந்தா. வீட்டுப் படலையில் இறங்கினபிறகுதான் தலைப்பை எடுத்தா. "இந்த ஜீப்பைக் கெடுத்தவன் ஆரெண்டு மட்டும் நான் அறிஞ்சனெண்டால், மாதாவாணை, அவனுக்கு இந்த வீட்டிலை சோறுமில்லை, பாயுமில்லை." என்னைப் பார்த்துத்தான் சொன்னா. ஏற்கெனவே அவவுக்கு இந்த வருசம் மனம் சரியில்லை. பாஸ்குவுக்கு வந்தபோது தாங்கள் வள்ளத்துக்குக் குங்கிலியம் காய்ச்சிப் பூசி, மிஞ்சினதை வீணாக்காமல் வீடு முழுக்க ஓட்டை தேடி அடைத்துவிட்டுப் போனீர்கள் அல்லவா? வாளி, பீப்பாய், கூரைப் பீலி எல்லாம் இப்போது ஒழுகவில்லை, நன்றி. ஆனால் ரோசாச் சாடியின் அடியில் தண்ணீர் வடிகிறதற்கு விட்டிருந்த ஓட்டையையும் அடைத்துவிட்டீர்கள். ரோசா அழுகிப் போச்சு. அந்தக் கோபமும் என் தலையில்தான்.

ஆகையால் அத்தான், முறையாகப் பார்த்தால் ஜீப் போய்த் திரும்பி வந்ததுதான். என்ஜினாலேதான் வரவேணும் என்று தாங்கள் எழுதவில்லை. ஆனால் நான் அப்பிடிக் கதை கதைக்கிற ஆளில்லை. தோத்தால் தோத்ததுதான். என்ரை கைவேலையால்தான் கெட்டது என்று தாங்கள் எழுதினதும் சரியாகத்தான் இருக்கவேணும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை இளையதம்பி அண்ணை வந்து கொண்டுபோவார். தலைமாட்டுப் படத்தை இன்னும் கழற்றவில்லை. கழற்ற மனம் வரேல்லை.

தங்களுக்குக் கடலிலும் கரையிலும் ஒரு குறையும் வராமல் மாதா பாத்துக்கொள்ளவேணும் என்று அம்மா செபமாலை சொல்லுகிறா. இந்த முறை முழுசாக.

இப்படிக்கு,
தோல்வியை ஒப்புக்கொண்ட மைத்துனன்,
மரியநாயகம்

பி.கு.: அத்தான், கடிதத்தை ஒட்ட முதல் ஒரு சின்ன விசயம். மேலை எழுதினது எல்லாத்தையும் மறந்துபோங்கோ. போறவனைக் குளிப்பாட்டி அனுப்புவமெண்டு காலமை டாங்கி மூடியைக் கழட்டி மினுக்கினனான். கை வழுக்கி மூடி அம்மியிலை விழுந்திது. மூடிக்கு நடுவிலை பச்சை நிறத்திலை ஒரு மொக்கு இருக்குமெல்லோ? செய்தவன் வடிவுக்கு வைச்சதெண்டு நினைச்சு நான் நாளாந்தம் துடைக்கிற மொக்கு. அது தெறிச்சுது. உள்ளுக்கை தும்பு. குங்கிலிய மணம். அதுக்குக் கீழை வடிவான ஒரு சின்ன ஓட்டை. பெற்றோல் குறையக் குறைய டாங்கிக்குள்ளை காத்துப் போறதுக்கு விட்ட ஓட்டை அத்தான்! அதை அடைச்சால் எந்தப் பம்பாலையும் இழுக்க ஏலாது. நான் மூடியைத் திறக்கத் திறக்கத்தான் அவன் மூச்செடுத்திருக்கிறான். பழைய பம்பையே திருப்பிப் பூட்டினன். நாரந்தனையிலை இருந்து குறிகட்டுவான் துறை மட்டும் போய்த் திரும்பினன், ஒரு இருமல் இல்லை. அம்மாவும் இல்லை, செபமாலையும் இல்லை. அம்மாவுக்கு அதை எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் தெரியேல்லை.

அந்தக் குங்கிலியக் கட்டியைக் கடதாசியிலை சுத்திப் பத்திரமா வைச்சிருக்கிறன். மேலை பச்சைப் பெயின்ற் அடிச்சிருந்தாலும், அமத்தின பெருவிரல் வடிவாப் பதிஞ்சிருக்குது, தூண்டில் கிழிச்ச தழும்போடை. எங்கடை வீட்டிலை அந்தத் தழும்பு ஆருக்கு இருக்குதெண்டு அக்காவைக் கேக்கத் தேவையில்லை. இளையதம்பி அண்ணை வந்தவர். ஜீப் விக்கிறதுக்கில்லையெண்டு அத்தான் தந்தி அடிச்சிருக்கிறாரெண்டு சொல்லி அனுப்பிப்போட்டன். தந்தியை நீங்கள் ஆறுதலா அடியுங்கோ. மணிக்கூட்டையும் யோசியுங்கோ.

அக்காவுக்கு இன்னும் சொல்லேல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வருவியள்தானே? சோறு வீட்டிலையோ, வெளியிலையோ எண்டு மட்டும் ஒரு வரி எழுதுங்கோ.