தும்மாதீர், படிகம் வளர்கிறது

"இவ்வறையில் படிகம் வளர்கிறது. கதவை அறையாதீர். மாடியில் ஓடாதீர். கூடுமானவரை தும்மாதீர். ஐப்பசி 11."

பாளையங்கோட்டையில் நாங்கள் தங்கியிருந்த ஆராய்ச்சி மாணவர் விடுதியில், மாடியின் கடைசி அறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பு இது. அன்றே நகல் எடுத்து வைத்தேன். ஆண்டைப் போடாமல் விட்டது அதை எழுதிய அறைக்காரர் பிழை. தொண்ணூற்று நான்கா ஐந்தா என்பது எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் தாமிரபரணித் தண்ணீர் குடித்தவர்களில், அடுத்தவர் தும்மலுக்குத் தடை போட்டவர் அவர் ஒருவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதிரே யார் வந்தாலும் "பைய, பைய" என்று, மெதுவாகப் போகச் சொல்லிக் கையமர்த்துவார். அதனால் பையண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் விடுதியில் யாருக்கும் தேவைப்படவில்லை.

வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்கடியில் ஒரு பீக்கர். அதில் எத்தனாலில் கரைத்த ஒரு சல்ஃபோனமைடு. புண் ஆறுவதற்குக் கொடுப்பார்களே சல்பா மாத்திரை, அதற்குப் பங்காளி. எத்தனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, அடியில் கற்கண்டுபோல ஒரு படிகம் திரள வேண்டும். அதிர்ந்தால் தூள்தான் மிஞ்சும். அதற்காக அக்கினி நட்சத்திரத்திலும் மின்விசிறி போடமாட்டார். கீழ் அறைத் திசையன்விளைக்காரன் கயிறு தாண்டிக் குதிப்பதை நிறுத்தி, தண்டால் எடுக்கச் சொன்னார். அவன் முக்குவது கேட்டதும் தண்டாலுக்கும் தடை வந்தது.

பக்கத்துத் தெருக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் வந்தபோது, நேரே போய் மேளக்காரரிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.

"அடிச்சாத்தான் சாமி வரும், அண்ணாச்சி."

"வரட்டும். பைய வரட்டும்."

ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்று நான் ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். மாஞ்சோலை பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கியா என்றார். மலை வளைவில் பிடிக்கக் கம்பி கிடைக்காதவன் பக்கத்து ஆளின் தோளைப் பிடிப்பான்; அவன் அடுத்தவன் தோளை. ஒவ்வொரு பிடியும் லேசுதான். ஆனால் எல்லோரும் பிடித்திருப்பதால் ஒருவனும் விழுவதில்லை. படிகத்துக்குள் மூலக்கூறுகள் அப்படித்தான் நிற்கின்றன. பிடிக்கிற கைதான் ஹைட்ரஜன்.

அந்தக் கையில்தான் வம்பு வந்தது.

படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, எந்த அணு எங்கே என்று வரைபடம் எடுப்பதுதான் அவர் ஆய்வு. எக்ஸ் கதிருக்கு மற்ற அணுக்கள் நன்றாகத் தெரியும். ஹைட்ரஜன் இருக்கிறதா இல்லையா என்று தோன்றும். அதனால், அது இருக்கவேண்டிய இடத்தைக் கணினியே கணக்கிட்டுப் போட்டுவிடும். உலகமே ஏற்றுக்கொண்ட வழக்கம். இவருடைய சேர்மத்தில் நைட்ரஜனை ஒட்டிய ஹைட்ரஜனைக் கணினி தட்டையாக, ஒன்றையும் தொடாமல் போட்டது. வரைபடத்தில் சற்றுத் தள்ளி ஒரு சின்ன மேடு இருந்தது. கொசு உட்கார்ந்த மாதிரி. ஹைட்ரஜன் அங்கேதான் என்றார் பையண்ணாச்சி. அங்கிருந்து அது அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது என்றார்.

அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவர் அல்ல. நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை காத்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் வேலை இவருக்கு. அந்த மேடு கருவியின் வெறும் இரைச்சலாகவும் இருக்கலாம், கணினி போட்டதையே வைத்து முடி என்றார். இவர் புதிதாகப் படிகம் வளர்த்து மறுபடி அளக்கவேண்டும் என்று நின்றார். ஆய்வகமே கேட்க நடந்த பேச்சு இது:

"ஒத்த ஹைட்ரஜனுக்காக வேலைய விடுதியேலே."

"கம்ப்யூட்டர் அதப் பாக்கல சார். அங்கன இருக்கும்னு நெனைக்குது. நான் பாத்தேன்."

"நாளைக்கு அந்த ஹைட்ரஜன் வந்து ஒனக்குச் சாட்சி சொல்லுமா?"

"அது சொல்லாது சார். அதுக்கு நான் சொல்லுதேன்."

வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஊரில் அப்பா பேசுவதை நிறுத்தினார். இவர் கட்டிலுக்கடியில் பீக்கரை வைத்து, அந்த அறிவிப்பை ஒட்டினார். வளர்ந்த படிகத்தைப் பஞ்சில் பொதிந்து, பிலிம் ரோல் டப்பாவில் அடைத்து, எக்ஸ் கதிர்க் கருவி இருந்த வெளியூருக்கு ரயிலேறினார். டப்பாவைப் பெர்த்தில் படுக்கவைத்துவிட்டு இவர் கீழே உட்கார்ந்தே போனதாக உடன்போனவன் சொன்னான். புது வரைபடத்திலும் மேடு அங்கேயே இருந்தது. கொசு கொஞ்சம் கொழுத்திருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு விடுதியே போனது. மிக்சரும் தேநீரும் உண்டு. வெளியூர்த் தேர்வாளர் புரட்டிக்கொண்டே வந்து, அந்த ஒரு இடத்தில் விரலை வைத்தார். வழக்கப்படி கணக்கிட்ட இடத்துக்கு மாற்றிவிடுங்கள், அதன்பின் பட்டத்துக்குத் தடையில்லை என்றார். பையண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் எழுந்துவிட்டார்.

"மாத்த வேண்டாம். அவன் ரெண்டு தரம் பாத்துட்டான்."

தேர்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையெழுத்திட்டார்.

பட்டம் கிடைத்தது. நாங்குநேரி வேலை போனது போனதுதான், இன்னொருவருக்கு. பையண்ணாச்சி வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. பிற்பாடு வெளிநாட்டில் யாரோ நியூட்ரான் கற்றையை வைத்து அதே சேர்மத்தை ஆராய்ந்ததாகவும், ஹைட்ரஜன் இவர் சொன்ன இடத்திலேயே இருந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் பளிச்சென்று தெரியுமாம். அந்தக் கட்டுரையை நான் தேடிவிட்டேன், அகப்படவில்லை. செய்தி இன்றுவரை சரிபார்க்கப்படாதது.

சரிபார்க்காத எதையும் நம்புகிற வழக்கம் எனக்கில்லை. இதை மட்டும் நம்புகிறேன்.